மண்ணின் பதிவேடு

இலங்கையின் புவியியலைப் படித்த எவருக்கும் வன்னியில் ஒரு ஊரின் பெயர் தெரிந்திருக்கும். சரளைக்கல்லும் அதன்மேல் செம்மணலும் படிந்த ஒரு படையை நூல்கள் ‘இரணைமடுப் படிவு’ என்கின்றன. கிளிநொச்சியில் பெயர் பெற்ற அந்தப் படை தீவின் தெற்குக் கரையிலும் அதே பெயரால்தான் அறியப்படுகிறது. அம்பாந்தோட்டைப் பக்கம் பாத்திராஜவெலவில் அதற்குள் கிடந்த கற்கருவிகளை ஆராய்ந்த தொல்லியலாளர் சிரான் தெரணியகல, அவற்றுக்கு ஏறக்குறைய 125,000 ஆண்டுப் பழமை கணித்தார். இரணைமடு வாய்க்காலில் குளித்து வளர்ந்த நான் இதை வாசித்தது கிளிநொச்சியில் இருந்தபோதல்ல. 2016ஆம் ஆண்டு சித்திரை வெயிலில், லக்னோவில், ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் இருந்துதான் வாசித்தேன். எங்கள் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்ததும் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். அதுவரை இரணைமடு என்ற பெயரை நான் செய்திகளில்தான் அதிகம் வாசித்திருந்தேன். பெரும்பாலும் அவை போர்ச் செய்திகள்.

அந்த நிறுவனம் அதை நிறுவிய தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னியின் பெயரில் இயங்குவது. தொல்தாவர ஆய்வுக்கென்றே எழுந்த அது, 2015இலிருந்து தொல்லறிவியல் நிறுவனம் என்று விரிந்த பெயரைக் கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முடித்து, கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு உதவித்தொகை கிடைத்தது. ஏப்ரலில் போய் அடுத்த மார்ச்சில் திரும்பினேன். அந்த ஒரு வருடத்தில் அங்கே நடந்தவற்றை எழுதிவைக்கவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். போரில் எல்லாப் பதிவுகளையும் இழந்த ஒரு மண்ணிலிருந்து போனவளுக்கு, பதிவு என்றால் என்ன என்று அந்த இடம் கற்றுத்தந்தது.

கோமதி ஆற்றுக்குக் கிட்டவாக, பல்கலைக்கழக வீதியில் இருக்கிறது அந்த வளாகம். உள்ளே போனதும் முதலில் காட்டினார்கள், அடிக்கல்லை. சாஹ்னி தம் கையாலேயே செய்த கல் அது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் பல யுகங்களிலிருந்தும் சேர்த்த உயிர்ச்சுவடுகளைக் கொங்கிறீட்டில் பதித்து ஆக்கியது. 1949 ஏப்ரல் 3ஆம் திகதி ஜவகர்லால் நேரு அதை நாட்டினார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 10ஆம் திகதி, சாஹ்னி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 57. கட்டடம் என்று ஒன்று அப்போது இல்லை. இருந்தது அடிக்கல்லும், அவர் கொடுத்துவிட்டுப்போன சேகரிப்பும் நூல்களும், அவருடைய மாணவர்களும்தான். மனைவி சாவித்திரி சாஹ்னி பொறுப்பேற்றார். அவர் விஞ்ஞானி அல்லர். ஆனாலும் கணவனின் நிறுவனத்தை இருபது வருடங்கள் தூக்கிச் சுமந்தார். யுனெஸ்கோவின் உதவித் திட்டத்தில் நோர்வேயின் ஓ. ஏ. ஹோக் இயக்குநராக வந்தார். 1952இல் நிறுவனத்தின் ஆய்விதழ் தொடங்கியது. கட்டடம் முடிந்து 1953 ஜனவரி 2ஆம் திகதி நேருவே வந்து அதை விஞ்ஞானத்துக்கு ஒப்படைத்தார். சாஹ்னியின் சமாதி அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. காலையில் ஆய்வுகூடத்துக்குப் போகும் எல்லாரும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

ஏப்ரலும் மேயும் லக்னோவில் வெளியில் தலைகாட்ட முடியாத மாதங்கள். ‘லூ’ என்ற அனல்காற்று வீசும். எங்கள் காண்டாவன வெயிலுக்குப் பழகிய உடம்புக்கும் அது புதிது. அந்த மாதங்களில் ஆய்வாளர்கள் குளிர்காலத்தில் சேர்த்துவந்த கற்களோடு உள்ளே இருப்பார்கள். வைரவாளில் கல்லை அறுக்கும் சத்தம் காலை தொடங்கினால் மாலைவரை கேட்கும். அறுத்த சீவலைக் கண்ணாடியில் ஒட்டி, காபொரண்டம் தூளால் தேய்த்துத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்குவார்கள். கல்லாகிப்போன மரத்தின் கலச்சுவர்கள் அப்போது நுணுக்குக்காட்டியில் தெரியும். காழ்க்கலன் எது, கதிர் எது என்று பிரித்துச் சொல்லலாம். இன்றைய மரத்தின் சீவலைப் பக்கத்தில் வைத்து, இன்ன குடும்பம் என்று சொல்லலாம். அதற்காகவே இன்றைய மரத்துண்டுகளையும், உலர்தாவரங்களையும், மகரந்த வழுக்கிகளையும் தனித்தனி அலுமாரிகளில் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

என்னைப் பொறுப்பேற்றவர் தமிழ்நாட்டுக்காரர். முதல் நாளே ஒரு வேலை தந்தார். “உங்க ஊர்க் குளத்தைச் சுத்தி என்னென்ன மரம் நிக்குதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. இன்னைக்கு நிக்கிற மரத்தோட மகரந்தம் தெரியாம, சேத்துக்குள்ள இருக்கிறதைப் படிக்க முடியாது” என்றார். எழுதத் தொடங்கினேன். குளக்கட்டோரத்து மருது. காட்டுக்குள் பாலை, வீரை, முதிரை, கருங்காலி. ஊர்மனையில் இலுப்பை, புளி, வேம்பு, பனை. தண்ணீருக்குள் தாமரை, ஆம்பல், ஓரத்தில் சம்பு. பாலைப்பழக் காலத்தில் அம்மம்மாவோடு காட்டுக்குப் போய், வாயெல்லாம் பிசுபிசுக்க வந்த நாட்களை நினைத்துக்கொண்டேதான் ‘பாலை’ என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துவிட்டு அவர், “இது போதும், ஒரு வருஷத்துக்கு” என்றார்.

உரிய அனுமதிகளோடு கொண்டுபோயிருந்த உலர்ந்த பூ மொட்டுகளும், சில குளங்களின் மேற்சேறும் என்னிடம் இருந்தன. மொட்டுகளை அசற்றிக் நீரிலியும் செறிந்த சல்பூரிக்கமிலமும் ஒன்பதுக்கு ஒன்றாகக் கலந்த திரவத்தில் சூடாக்குவோம். உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் கரைந்து, மகரந்தத்தின் வெளியோடு மட்டும் எஞ்சும். சேற்றுக்கு வேலை கூட. ஐதரோகுளோரிக்கமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு உக்கல்களை நீக்கும். மணலை நீக்க ஐதரோபுளோரிக்கமிலம் வேண்டும். அது கண்ணாடியையே தின்னும், தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். ஆகவே அதற்கென்று தனியான புகைக்கூடு, தடித்த கையுறை, பக்கத்திலேயே கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு. இத்தனை அமிலத்துக்கும் கரையாமல் நிற்கிறது அந்த மகரந்தத்தின் ஓடு. ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்குகூட வராத ஒரு துகள் கோடி வருடங்கள் கல்லுக்குள் கிடந்தும் தன் குடும்ப அடையாளத்தை இழப்பதில்லை. இதைப் பாடப்புத்தகத்தில் படித்துக் கற்பித்தவள் நான். கண்ணால் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

யூலையில் மழை இறங்கியதும் எண்ணும் வேலை தொடங்கியது. ஒவ்வொரு வழுக்கியிலும் சில நூறு மகரந்தங்களை எண்ணி, குடும்பம் குடும்பமாகக் குறிக்கவேண்டும். வன்னியின் மேற்சேற்றில் புல்லின் மகரந்தம் நிறைந்திருந்தது. அங்கேதான் ஒரு பெரிய சிக்கல். நெல்லும் புல்தான். நெல்லின் மகரந்தத்தையும் காட்டுப்புல்லின் மகரந்தத்தையும் உருவத்தாலும் அளவாலும் உறுதியாகப் பிரிப்பது கடினம். நெல் இருந்ததா என்று அறிய வேறு சாட்சி வேண்டும். நெல் இலையின் கலங்களுக்குள் படியும் சிலிக்கா, இலை உக்கிய பிறகும் அந்தக் கலத்தின் உருவத்தோடே மண்ணில் கிடக்கும். இலையில் விசிறி வடிவம், உமியில் இரட்டைக் கொம்பு வடிவம். உமியில் வருவதைக் கண்டால் நெல் என்று சொல்லலாம். எங்கள் குளங்களுக்கு இந்தச் சாட்சி மிகவும் வேண்டியது. கோடையில் சின்னக் குளங்கள் வற்றி அடிச்சேறு வெடிக்கும். காற்றுப் பட்டால் மகரந்தம் அழியத் தொடங்கும். சிலிக்கா அழியாது.

செப்டெம்பரில் நிறுவனத்தில் இந்தி இருவாரம் நடந்தது. கட்டுரைப் போட்டி, கவிதை வாசிப்பு என்று விஞ்ஞானிகளும் அலுவலகத்தினரும் ஒன்றாக இருந்தார்கள். தொல்தாவரம் பற்றி அவர்கள் இந்தியில் எழுதியதைக் கேட்டபோது, தமிழில் எங்கள் பிள்ளைகளுக்கு இதை எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது.

நொவெம்பர் 14 நிறுவுநர் நாள். 1891இல் அதே திகதியில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பேராவில் சாஹ்னி பிறந்தார். இந்தியாவில் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். வங்கி வாசல்களில் நீண்ட வரிசை. அப்படியும் சமாதியில் மலர்வைக்கக் காலையிலேயே எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த நாளில் இரண்டு நினைவுப் பேருரைகள் நடப்பது வழக்கம். ஒன்று சாஹ்னியின் பெயரில். மற்றது அவருடைய கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஏ. சி. சீவர்டின் பெயரில். மாணவனின் பிறந்தநாளில் ஆசிரியருக்கும் ஒரு இருக்கை போட்டுவைத்திருக்கிறார்கள்.

சீவர்டின் பெயரை அங்கே கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புத்தளத்துக்குக் கிட்ட தப்போவவில் ஒரு யுராசிக் காலப் படிவு இருக்கிறது. கனிமக் கணக்கெடுப்புக்கு வந்த ஈ. ஜே. வேலண்ட் அங்கே தாவர உயிர்ச்சுவடுகளைக் கண்டெடுத்தார். அவற்றை 1922இல் உலகுக்கு விவரித்தவர்கள் இந்தச் சீவர்டும், பிறகு பன்னங்களின் பேரறிஞராகிச் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவை நடத்திய ஆர். ஈ. ஹோல்ட்டமும். 1944இல் தப்போவத் தாவரங்களை மறுபடி ஆராய்ந்து எழுதியவர் லக்னோவின் ஆர். வி. சித்தோலே. வவுனியாவிலிருந்து தப்போவவுக்கு விடியப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். எங்கள் தீவின் கல்லில் இருந்த ஒரு இலையை ஒரு நூற்றாண்டுக்கு முன் கேம்பிரிட்ஜிலும், பிறகு லக்னோவிலும் படித்திருக்கிறார்கள். எனக்குத் தாவரவியல் கற்பித்த எந்தப் புத்தகமும் அந்த இலையின் படத்தைத் தரவில்லை.

அந்த இலைகளில் ஒன்று ரைலோபில்லம். பார்த்தால் சைக்கசு ஓலை மாதிரி இருக்கும், ஆனால் சைக்கசு இல்லை. பூப்போன்ற இனப்பெருக்க உறுப்புகளைக் கொண்டிருந்து, பூமியிலிருந்து முற்றாக அழிந்துபோன ஒரு கூட்டத்தின் இலை. அதே வகை இலையைத் தாங்கிய ஒரு மரத்தைச் சாஹ்னி 1932இல் ராஜ்மகால் மலைகளின் கல்லான தண்டுகளிலிருந்தும் பூக்களிலிருந்தும் மீளக் கட்டியெழுப்பினார். அதற்கு வில்லியம்சோனியா சீவர்டியானா என்று தம் ஆசிரியரின் பெயரையே இட்டார். நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அந்த மரத்தின் உருவம் இருக்கிறது. குட்டையாய்ப் பருத்த தண்டு, உச்சியில் ஓலைக்கொண்டை.

டிசெம்பரில் ராஜ்மகால் போனேன். அக்டோபரிலிருந்து மார்ச்வரை அந்த நிறுவனத்தின் கள வேலைக் காலம். குழுக்கள் நிலக்கரி வயல்களுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் பிரிந்து போகும். எங்கள் குழு இரவு ரயிலில் ஜார்க்கண்டின் சாஹிப்கஞ்ச் போய் இறங்கியது. பதினொரு கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு பரவி ஓய்ந்து, மீண்டும் பரவியிருக்கிறது. ஓய்ந்த இடைவெளிகளில் ஏரிகளில் படிந்த சேற்றுக்குள் இலைகள் இருக்கின்றன. சந்தால் மக்களின் கிராமங்களுக்குள்ளால் நடந்து, ஒரு ஓடைக்கரையில் படைப்பாறையைத் தட்டிப் பிரித்தோம். கறுப்பாய் ஒரு ரைலோபில்லம் இலை விரிந்தது. நரம்புகள் எல்லாம் தெரிந்தன. இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் அவுஸ்திரேலியாவும் ஒட்டிக் கிடந்த கண்டத்தில் வளர்ந்த கூட்டத்தின் இலை.

மலையின் மறுபக்கத்தில் கருங்கல் உடைக்கும் இயந்திரங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. வீதிக்கும் கட்டடத்துக்கும் அந்த எரிமலைக் கல் போகிறது. கல்லோடு இடையில் இருக்கும் இலைப்படையும் தூளாகிப் போகிறது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஆற்றுமணலும் கிரவலும் டிப்பர்களில் போவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் விளங்கியது. எங்கள் கிரவலுக்குள்தானே இரணைமடுப் படிவின் கற்கருவிகளும் இருக்கின்றன.

அந்த நாட்களில் அப்பா தொலைபேசியில் சொன்னார், “பிள்ளை, கார்த்திகையும் போட்டுது. ஒரு பாட்டம் மழை சரியாப் பெய்யேல்லை. விதைச்ச நெல் முளைச்ச கையோட கருகுது.” 2016ஆம் ஆண்டின் பெரும்போகம் அப்படித்தான் பொய்த்தது. தீவு முழுக்க வறட்சி. நுணுக்குக்காட்டியில் நான் எண்ணிக்கொண்டிருந்த சேற்றின் மேல் அந்த வருடமும் ஒரு மெல்லிய படையாகப் படியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. புல் குறைந்து, தூசியும் கரித்துகளும் கூடிய படை. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பில் பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும் செய்த மகரந்த ஆய்வு, அப்படிப்பட்ட படைகளை அடுக்கி 24,000 ஆண்டுகளின் மழையையும் வறட்சியையும் வாசித்துக் காட்டியிருக்கிறது. வன்னியில் எந்தக் காலத்தில் காடு எவ்வளவு இருந்தது, குளத்தை எப்போது கட்டினார்கள், எப்போது கைவிட்டார்கள், எந்த வறட்சியை எங்கள் முன்னோர் தாங்கினார்கள் என்ற கேள்விகளுக்கும் பதில் குளத்துச் சேற்றில் கிடக்கக்கூடும்.

ஜனவரி 2ஆம் திகதி லக்னோவில் கடும் பனிமூட்டம். கட்டடம் திறக்கப்பட்ட நாள் அது என்று பக்கத்து மேசைத் தோழி சொன்னாள். எங்களுக்கும் அந்தத் திகதி தெரியும். 2009இல் அதே நாளில் கிளிநொச்சி வீழ்ந்தது. நாங்கள் அப்போது ஏற்கெனவே ஊரை விட்டுக் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் ஒரு பொலித்தீன் பைக்குள். அம்மாவின் கலியாணப் படங்களும், என் உலர்தாவரக் கொப்பியும், அப்பாவின் காணி உறுதியும் ஒரு கூடாரத்தோடு எரிந்தன. மனிக்பாம் முகாமில் பதிவு செய்தவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தர ஒவ்வொரு குடும்பத்திடமும் அந்தப் பை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பலரிடம் அதுவும் இல்லை. திரும்பிவந்தபோது கண்ணிவெடி அகற்றியவர்கள் சிவப்புத் தடிகளால் குறித்துத் தந்த நிலத்தில்தான் காலை வைத்தோம். மண் என்றால் பயம் என்றிருந்த காலம் அது.

அன்று பின்னேரம் நான் நிறுவனத்தின் சேகரிப்பு அறைக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு இலக்கம். இலக்கத்துக்கு எதிரே எடுத்த இடம், எந்தப் படை, எடுத்தவர், எடுத்த திகதி. ஒரு புதிய இனத்துக்குப் பெயரிட்டால், அந்தப் பெயருக்கு ஆதாரமான கல்லையோ வழுக்கியையோ அங்கே ஒப்படைக்கவேண்டும். வழுக்கியின் எந்த மூலையில் அந்த மகரந்தம் இருக்கிறது என்றுகூட ஆள்கூறு எழுதியிருப்பார்கள். அறுபது வருடத்துக்கு முன் ஒருவர் எழுதியதை இன்று இன்னொருவர் சந்தேகித்தால், அதே துகளை எடுத்துப் பார்த்துச் சரி அல்லது பிழை என்று சொல்லலாம். பொறுப்பாளர் ஒரு இழுப்பறையைத் திறந்து, மங்கிய மையில் எழுதிய ஒரு சீட்டைக் காட்டினார். எழுதியவர் எப்போதோ இறந்துவிட்டார். அவர் சொன்னது இன்னும் சாட்சியாக நிற்கிறது. என் குடும்பத்தின் பொலித்தீன் பையை நினைத்து அந்த அறையில் நான் அழுதேன். அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வாங்கிவரப் போனார்.

பெப்ரவரி 28 இந்தியாவில் தேசிய விஞ்ஞான தினம். அருங்காட்சியகத்தைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள். சீருடையோடு வரிசையாக வந்த சின்னப் பிள்ளைகள் கல்லான மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உண்மையாகவே மரமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு மூலையில் என் நுணுக்குக்காட்டியை வைத்துப் பாலைப்பூவின் மகரந்தத்தைக் காட்டினேன். மார்ச்சில் எல்லாரும் வருடாந்த அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள். ஒரு வருடத்தில் எங்கே போனோம், என்ன எடுத்தோம், எந்த இலக்கத்தில் வைத்தோம், எதை வெளியிட்டோம் என்று ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்கவேண்டும். என் பங்குக்கு வன்னி மரங்களின் வழுக்கிப் பட்டியல் ஒன்றை ஒப்படைத்தேன். ஒரு படி அங்கே, ஒரு படி என்னிடம்.

திரும்பும் வழியில் சென்னையில் இறங்கி, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனேன். செம்மண் மேட்டில் கல்லான பெருமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. கிளையும் பட்டையும் வேரும் இல்லாத வெறும் அடிமரங்கள். எங்கோ வளர்ந்து, ஆற்று வெள்ளத்தில் அடிபட்டு வந்து மணலில் புதைந்தவை. பிரெஞ்சுக்காரர் சொனரா 18ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதினார். 1950களிலும் 60களிலும் சி. ஜி. கே. ராமானுஜம் அந்தப் பகுதிக் கல்மரங்களை அறுத்து ஆராய்ந்தார். அவர் கண்ட மரங்களில் மருதின் உறவும் உண்டு. எங்கள் குளக்கட்டு மருதின் உறவு, மனிதர் தோன்றுவதற்கு முந்திய ஒரு ஆற்றங்கரையில் நின்றிருக்கிறது.

ஊருக்கு வந்தபிறகு அந்த வழுக்கிகளைக் கொண்டுதான் வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் இரண்டு மூன்று மரங்களைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். இலக்கம், மரம், இடம், திகதி, எடுத்தவர் பெயர் என்று கொப்பியில் எழுதுகிறார்கள். தன் பெயர் அதில் வந்ததைப் பார்த்த ஒரு பெடியன், “டீச்சர், நான் செத்தாப்பிறகும் இது இருக்குமோ?” என்று கேட்டான். இருக்கும் என்றேன். இருக்கவேண்டும் என்றால் நாங்கள் ஒவ்வொருவரும் அதைக் காக்கவேண்டும். சாவித்திரி சாஹ்னி செய்தது அதுதான்.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தது. வயல்களில் மணல் படிந்தது. அதற்குப் பிறகு பல குளங்களைத் திருத்துகிறார்கள், தூர்வாருகிறார்கள். கமக்காரனின் மகளாகச் சொல்கிறேன், அது வேண்டும். தண்ணீர் நிற்க இடம் வேண்டும். ஆனால் ஒரு கோரிக்கை இருக்கிறது. குளத்துக்குள் பெக்கோ இறங்கும் முன், சேற்றை மேலிருந்து அடிவரை ஒரு குழாயளவில் எடுத்து வைக்கவேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு சுத்தியல், உறை, பேனா. வாரிய சேறு வீதிக்கும் வளவுக்கும் நிரவிவிடப்பட்ட பிறகு எந்த நிறுவனத்தாலும் அதை அடுக்கிப் படிக்க முடியாது. அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டில் ஒன்று குளிரான ஒரு அறையையும் ஒரு பதிவேட்டையும் ஒதுக்கினால் போதும். அமிலமும் நுணுக்குக்காட்டியும் தெரிந்த பிள்ளைகள் பின்னால் வருவார்கள். அவர்களுக்குப் படிக்கச் சேறு இருக்கவேண்டும். அடுத்த கோடையில் எந்தக் குளம் வாரப்படுகிறது என்று கமக்காரர் அமைப்புகளிடம் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழாயோடு அந்த இடத்துக்குப் போக என் வகுப்புப் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.